நாரை வண்டியின் பிரேக் கம்பி

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை, நான் நனைந்துகொண்டு, சைக்கிளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. இலஞ்சி தாண்டும்போது ஒரு மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, "தம்பி, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கேன்."

"ஒங்களக் கேக்கல. சைக்கிளுக்கு என்னன்னு கேட்டேன்."

இந்த அளவு முட்டாளாக இருந்ததோடு நான் நின்றிருந்தால் ஊருக்குச் சிரிப்பு, எனக்குச் சளி, அவ்வளவோடு போயிருக்கும். நிற்கவில்லை. அதே சைக்கிள் பைத்தியத்தில் என் சிநேகிதன் ஒருவனுக்கு ஒரு காரியம் செய்தேன். அதைச் செய்து பத்து வருசத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் ஊரில் என்னை வாயாடி என்பார்கள்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டைக்கு மேலே, மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த துரைகள் சுதந்திரம் வந்து சில வருசங்களில் மூட்டை கட்டியபோது மூன்று ரேஸ் சைக்கிள்களை விட்டுவிட்டுப் போனார்கள். மூன்றும் ஒரே கம்பெனி. முன்கழுத்தில் ஒரு பித்தளைத் தகடு, அதில் ஒற்றைக் காலில் நிற்கிற நாரை. நாரைக்குக் கீழே இருந்த பேரை வாசிக்க எங்கள் யாருக்கும் வரவில்லை. இங்கிலீஷ் வாத்தியார் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். குனிந்து பார்த்து, நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இது இங்கிலீசே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அது நாரை வண்டி.

எங்கள் பக்கம் ஓடின சைக்கிளெல்லாம் கறுப்பாக, கனமாக, நெல்மூட்டையை ஏற்றினாலும் முனகாத ஜாதி. நாரையை ஒரு கையால் தூக்கிவிடலாம். கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. சாரலில் ஓட்டினால் சேறு முதுகில் ஒரு கோடாக ஏறிப் பிடரியில் போய் நிற்கும். ஸ்டாண்டும் கிடையாது, அதனால் பக்கத்தில் சுவர் இருக்கிற டீக்கடையில்தான் எனக்கு டீ. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். அதைப் பிடித்து ஓட்டுகிறவன் தரையைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். கடைத்தெருவில் ஒரு அம்மா, "என்னத்தயோ தொலச்சிட்டுத் தேடிக்கிட்டே போறீயளே, கெடச்சிதா?" என்று கேட்காத வாரம் இல்லை.

மூன்று வண்டியில் ஒன்று எனக்கு. நான் அப்போது தென்காசியில் ஒரு பத்திர எழுத்தரிடம் குமாஸ்தா. இன்னொன்று கீழப்பாவூரில் இருந்த என் சிநேகிதனுக்கு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். மூன்றாவது வண்டியை வாங்கிய எஸ்டேட் ரைட்டர் கொல்லம் பக்கம் மாற்றலாகிப் போனபோது, "நிங்ஙள் எடுத்தோ" என்று எங்கள் இரண்டு பேரிடமும் தள்ளிவிட்டுப் போனார். அதைப் பிரித்து உதிரிச் சாமானாக வைத்துக்கொண்டோம். வேறு வழியில்லை. நாரைக்கு வேறு எந்த வண்டியின் சாமானும் சேராது. நட்டு சேராது, செயின் சேராது. முக்கியமாக, பிரேக் கம்பி சேராது.

மற்ற சைக்கிள்களுக்குப் பிரேக் என்றால் பென்சில் தடிமனுக்கு இரும்புக் கம்பிகள் மடங்கி மடங்கிப் போகும். நாரைக்கு நூல் மாதிரி ஒரு முறுக்குக் கம்பி, அதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு ஈயக் குமிழ். அந்தக் குமிழ்தான் கைப்பிடிக்குள் உட்கார்ந்து கம்பியை இழுக்கும். பின் பிரேக் பேருக்குத்தான். பிடித்தால் கிறீச் என்று ஊரைக் கூட்டும், வண்டி நிற்காது. முன் பிரேக்தான் உயிர்.

தென்காசியில் எங்களுக்கு வாய்த்த சைக்கிள் கடை அண்ணாச்சி நல்ல வேலைக்காரர். "நம்ம ஊருக் கம்பி ஒண்ண எடுத்து, நுனியில ஈயத்த உருக்கி ஒரு குமிழ் வச்சுத் தாரேன். ஆயுசுக்கும் நிக்கும்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே குரலில் மறுத்தோம். நாரையில் நாட்டுக் கம்பியா! சம்பந்தம் பேச வந்த இடத்தில் குலம் கோத்திரம் கேட்கிற பெரிசுகள்கூட அவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அண்ணாச்சி சிரித்துவிட்டு, "சரி, நாரை செத்தா சொல்லி அனுப்புங்க" என்று பஞ்சர் பார்க்கக் குனிந்துவிட்டார்.

ஆக, உதிரிச் சாமான் எல்லாம் அண்ணாச்சி கடைப் பலகையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. நல்ல சாமான் மட்டும்தான் டப்பாவில் இருக்க வேண்டும். எதை எடுத்தாலும் அடுத்தவனுக்குச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். பிரேக் கம்பி இரண்டு இருந்தது, ஆளுக்கு ஒன்று. என் பங்கை முதல் வருசமே மாட்டித் தீர்த்துவிட்டேன். டப்பாவில் மீதி இருந்தது அவனுடையது.

அந்த வருசம் சாரல் கட்டியபோது என் முன் பிரேக் கம்பி கைப்பிடிக்குள்ளே பிரி பிரியாக விட்டிருந்தது. சீசனோ சரியான சீசன். மதராஸ்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். ஐந்தருவிச் சாலையில் நான் நாரையில் குனிந்து இறங்குகிற அழகை அவர்கள் பார்க்காமல் ஊர் திரும்பிவிட்டால் என்ன ஆவது? மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் டப்பாவைத் திறந்தேன். அவனுடைய கம்பியை எடுத்து என் வண்டியில் மாட்டினேன். என் பழைய கம்பியில் விட்டிருந்த பிரிகளைக் கத்தரியால் நறுக்கி, மெழுகு தேய்த்து, வளையமாகச் சுற்றி டப்பாவில் வைத்தேன். சீசன் முடிந்ததும் திரும்ப மாற்றிவிடலாம் என்று எண்ணம். திருடுகிற எல்லாரும் தவணையில்தான் யோக்கியர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஐந்தருவியிலிருந்து இறங்கிக் காட்டினேன். மதராஸ்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தது ஒரே ஒரு குரங்கு. அதுவும் என் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் போலீசுக்கு ஆள் எடுப்பு. கீழப்பாவூர்க்காரனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த தடவைக்கு வயசு தாண்டிவிடும். அவனுடைய அப்பா ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊரில் அவருக்குப் பேரே ஏட்டையாதான். மகனைக் காக்கியில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. இவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஓட்டம், உயரம், மார்பு அளவு எல்லாம் போலீசுக்கென்றே அளந்து செய்த மாதிரி இருப்பான்.

ஐந்தருவியில் ஒரு குளியல் போட்டால் உடம்பு இளகும் என்று நாரையில் கிளம்பி வந்திருந்தான். வருகிற வழியில் அவன் முன் பிரேக் கம்பி அறுந்துவிட்டது. நான் கடைக்குப் போனபோது அவன் தரையில் உட்கார்ந்து டப்பாவிலிருந்த கம்பியை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, இது என்ன பிசுபிசுன்னு கையில ஒட்டுது?" என்றான்.

மெழுகு. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாயைத் திறந்தால் எனக்கு எது வருமோ அதுதான் வந்தது.

"சீமச் சரக்குலே. ஒன்னய மாதிரி காஞ்சு கெடக்குமா?"

அண்ணாச்சி சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிப்பு வந்துவிட்டால் கேள்வி போய்விடும். சின்ன வயசிலிருந்து நான் பிழைத்து வந்தது இந்த ஒரு வித்தையில்தான்.

வழி முழுக்க அவன் பின்னாலேயே போனேன். கண் அவன் வலது கையை விட்டு நகரவில்லை. குற்றாலம் கடைத்தெருவில் இரண்டு தடவை பிரேக் பிடித்தான், நன்றாகவே பிடித்தது. "பாத்தியா, ஒண்ணும் ஆவாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தருவியில் அவன் பக்கத்தில் நின்று குளித்தபோது மனசு கேட்கவில்லை. தண்ணீர் மண்டையில் மொத்திக்கொண்டிருக்க, கம்பியை மாற்றியது, நறுக்கியது, மெழுகு தேய்த்தது முழுவதையும் சொன்னேன். நிம்மதியாக இருந்தது. அவன் காதை என் பக்கம் சாய்த்து, "என்னலே சொல்லுத?" என்று கத்தினான்.

"தலையில எண்ண பூரா போயிட்டான்னு கேட்டேன்!" என்று நானும் கத்தினேன்.

இறங்கும்போது அவன் முன்னால் போனான். சாலை வளைகிற இடத்தில் ஒரு பழக்கடை. கடையிலிருந்து ஒரு அம்மா குழந்தையோடு சாலைக்கு நடுவே வந்துவிட்டாள். அவன் பிரேக்கைப் பிடித்தான். டிங் என்று வீணைத் தந்தி அறுந்த மாதிரி ஒரு சத்தம். அம்மாவையும் பிள்ளையையும் தப்பவிட்டு வண்டியை ஒடித்தான். பலாப்பழக் குவியலில் ஏறி, அங்கிருந்து மைல்கல்லில் போய்த் தோளோடு விழுந்தான்.

நான் இறங்கி ஓடினேன். ஓடிப் போய் முதலில் எதைத் தூக்கினேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனை அல்ல. அவன் வண்டிக் கைப்பிடிக்குள்ளிருந்து அறுந்த துண்டை உருவி என் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் அவனைத் தூக்கினேன். மறுநாள் சிற்றாற்றுப் பாலத்திலிருந்து அதைத் தண்ணீரில் எறிந்தேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு சின்னது.

காறை எலும்பு முறிந்துவிட்டது. சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு ஏட்டையா வந்தார். மகனைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"எப்படிடே விழுந்தான்?"

போலீஸ்காரர் கேட்கிற கேள்வி. உண்மையைத் தவிர எல்லாம் வரிசையாக வந்தது.

"கொஞ்சம் வேகமா வந்துட்டான் மாமா. மெதுவாலே, மெதுவாலேன்னு நான் பின்னாலயே கத்திக்கிட்டுத்தான் வந்தேன்."

கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். "வேகமெல்லாம் இல்லய்யா. கம்பி அந்துட்டு."

"கம்பி மேல பழியப் போடாதலே, சவத்த மூதி" என்றார் ஏட்டையா. "இவனும் அதே வண்டிதான் வச்சிருக்கான். அதே கம்பிதான். அதே ரோட்டுலதான் வந்தான். இவன் விழுந்தானா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். பொதிகை மலை மேல் மேகம் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஏதோ சொன்னேன் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டையில் ஆள் எடுப்பு நடந்தது. அவன் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கீழப்பாவூரில் படுத்திருந்தான். எலும்பு சேர்ந்தது. ஆனால் வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. எழும்பியிருந்தாலும் வயசு போய்விட்டது. அவன் நாரையை ஏட்டையா மாட்டுத்தொழுவில் போட்டுப் பூட்டினார்.

நான் அடிக்கடி கீழப்பாவூர் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பயம். போனால் ஒருநாள் சொல்லிவிடலாம் என்று ஆசை. ஒவ்வொரு தடவையும் அல்வா வாங்கிக்கொண்டு போவேன். குற்ற உணர்ச்சிக்கு அல்வா வாங்கித் தீர்த்த ஒரே ஆள் திருநெல்வேலிச் சீமையில் நானாகத்தான் இருக்கும். "இவன் என்னலே, மாசா மாசம் மாப்பிள்ள மாதிரி பலகாரத்தோட வாரான்" என்று சிநேகிதன் கேலி செய்வான். அவன் தின்பான். நான் அவன் கை வாய்க்கு ஏறுகிறதா என்று பார்ப்பேன்.

ஏட்டையா என்னைக் கண்டால் வாசலுக்கே வந்துவிடுவார். என் நாரையைச் சுற்றி ஒரு நடை நடப்பார். முன் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார், கம்பியை விரலால் தடவுவார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தமாக, "ஏலே, இங்கன வா. பாரு. வருசம் இத்தன ஆச்சு, கம்பி இன்னும் எப்படி இருக்கு பாரு. பொறுப்புள்ள பய கையில இருந்தா சாமான் நிக்கும். ஒங்கிட்ட குடுத்தா மைல்கல்லுல கொண்டு சாத்துவ!" என்பார்.

அவர் தடவிய கம்பி அவர் மகனுடைய கம்பி.

அவன் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை சொன்னதோடு சரி. மம்பட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவான். நான் அங்கே நின்று, "அது கம்பி இல்ல மாமா, என் ராசி" என்று எதையாவது சொல்லி வைப்பேன். ஏட்டையா தொப்பை குலுங்கச் சிரிப்பார். "ஒன்ன மாதிரி ஒரு புள்ள எனக்கு வாய்க்கலயேடே" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. சாப்பிடாததற்கு வயிற்றுப் பொருமல் என்று காரணம் சொன்னேன்.

சில வருசத்தில் அவன் தம்பிக்குப் போலீஸில் வேலை கிடைத்தது. அதற்கடுத்த வருசம் ஏட்டையா எங்கள் பத்திர எழுத்தரிடம் வந்தார். சொத்தை இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டுமாம். எழுத்தர் வாசகம் சொல்ல, முத்திரைத் தாளில் எழுத வேண்டியவன் நான்.

"வெறும் வயல பெரியவனுக்கு எழுதுங்க. கெணறும் மோட்டாரும் சின்னவன் பேருல இருக்கட்டும்" என்றார் ஏட்டையா. "பெரியவனுக்குத் தண்ணிக்கு மொற விட்டுக்கிடலாம். அவன் கையில ஒண்ண முழுசா நம்பிக் குடுக்க முடியாது. ஒரு சைக்கிளக் காப்பாத்தத் தெரியாத பய மோட்டாரக் காப்பாத்துவானா?"

என் பேனா நின்றுவிட்டது. "மாமா, அன்னைக்கு அந்தச் சைக்கிள் விசயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தச் சனியனப் பத்திப் பேசாதடே. எழுது."

எழுத்தர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். எழுதினேன். கையெழுத்து எனக்கு முத்து முத்தாக வரும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கிணறும் மோட்டாரும் இளையவனுக்கு. சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை என்றும் எழுதினேன். ஏட்டையா தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்து, "எழுத்துன்னா இது எழுத்து" என்றார். தெருவில் சுவரில் சாய்த்திருந்த என் வண்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த வருசமே அவர் காலமானார். எடுத்த அன்று நானும் போயிருந்தேன். மூத்த மகன் கொள்ளிக்குடத்தை வலது தோளில் ஏற்ற முடியாமல் இடது தோளில் ஏற்றினான். இடது தோள்தான் முறை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எனக்கு அது தெரியாமல், அதற்கும் நான்தான் காரணம் என்று அழுதுகொண்டிருந்தேன். அழுகைக்கு நடுவே எனக்கே சிரிப்பு வந்தது. அந்த அளவுக்கு ஆகியிருந்தேன்.

அதற்குப் பிறகும் மூன்று வருசம் சும்மா இருந்தேன். கேட்பதற்கு ஆள் இல்லாததால் சொல்லும் அவசரமும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என் மைத்துனி கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒருநாள் காலையில் கீழப்பாவூர் போனேன். அவன் வயலில் இருந்தான். வரப்பிலே மம்பட்டியை ஊன்றி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். வெங்காயப் பாத்தி பாதிதான் நனைந்திருந்தது.

"என்னலே, வேலக்கி நடுவுல நின்னுக்கிட்டிருக்க?"

"தண்ணி மொற இன்னும் இருக்கு. வரும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அவன் பாத்தியைத் திறந்தான். மூன்று பாத்தி நனைந்திருக்கும், மோட்டார் நின்றுவிட்டது. கிணற்றடியில் தம்பியின் மைத்துனன். சின்னப் பையல், நேற்று மீசை முளைத்தவன். "அத்தான், நேரம் ஆயிட்டு, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு ஷெட்டைப் பூட்டிக்கொண்டு போனான். இவன் மம்பட்டியால் வாய்க்காலில் மிச்சம் கிடந்த தண்ணீரை வழித்து வழித்து நாலாவது பாத்திக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். இடது கைதான் தள்ளியது. வலது கை கூடவே போய் வந்தது.

நான் வரப்பில் உட்கார்ந்தேன். வேடிக்கையாகத் தொடங்கலாம் என்று ஒன்றை யோசித்தேன், அகப்படவில்லை. அதனால் நேராகச் சொன்னேன். டப்பாவிலிருந்து எடுத்தது, பழையதை நறுக்கி மெழுகு தேய்த்து வைத்தது, கடையில் அவன் கேட்டபோது கேலி பேசி மழுப்பியது, அறுந்த துண்டைப் பைக்குள் போட்டது, ஆஸ்பத்திரியில் அவன் அப்பாவிடம் 'வேகமா வந்தான்' என்றது. பத்திரத்தை எழுதியதும் நான்தான் என்றேன். அது அவனுக்கே தெரியும், என் கையெழுத்து ஊருக்கே தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

அவன் தண்ணீர் தள்ளுவதை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் ஈரம் வற்றுகிற வரைக்கும் தள்ளினான். பிறகு மம்பட்டியை வாய்க்காலில் அலசினான். அடிக்க வருவான் என்று நினைத்தேன், வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"என்னலே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற? ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்" என்றேன்.

மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"எங்கய்யா உயிரோட இருக்கையில சொல்லியிருக்கணும்."